ஐந்து கோழியும் பதினோரு குஞ்சும்

குஞ்சுகளைப் பெரிய கோழிகளோடு இந்த வாரமே சேர்த்துவிடுவதா, இன்னும் ஒரு வாரம் பொறுப்பதா என்று அந்த வீட்டில் மூன்று நாளாகப் பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. காலை டீயில் தொடங்கும். மருமகள் வேலைக்குக் கிளம்பும்போது பாதியில் நிற்கும். சாயங்காலம் அவள் வாசலில் செருப்பைக் கழற்றும்போது விட்ட இடத்திலிருந்து மறுபடி தொடங்கும். வீட்டில் இருந்ததே அவளும் மாமனாரும்தான். இரண்டு பேரும் கோழியைப் பற்றி இவ்வளவு பேசியதன் காரணம் இரண்டு பேருக்கும் தெரியும். கப்பலிலிருந்து பேச்சு வந்து பன்னிரண்டு நாளாகிவிட்டது. அதை எடுத்துப் பேச இருவருக்கும் தைரியம் வரவில்லை.

அவள் கணவன் சரக்குக் கப்பலில் என்ஜின் அறையில் வேலை பார்த்தான். போய் ஐந்து மாதம் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கூப்பிடுவான். நடுக்கடலில் பேச முடியாது என்றால் அதையும் முன்னாலேயே சொல்லிவிடுவான். இந்தத் தடவை ஒன்றும் சொல்லவில்லை. ஒரு ஞாயிறு போனது. மறு ஞாயிறு நெருங்கிக்கொண்டிருந்தது. அவள் ஒரு நாளைக்கு இருபது தடவை அந்த எண்ணை அழுத்துவாள். தொடர்பு இல்லை என்று ஒரு பெண்குரல் அலுக்காமல் சொல்லும்.

மாமனாரைத் தெருவில் லைன்மேன் என்றுதான் சொல்வார்கள். முப்பத்தோரு வருடம் மின்கம்பத்தில் ஏறி இறங்கிய உடம்பு. கம்பத்தில் ஏறுமுன் ஃபியூஸைப் பிடுங்கித் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டுதான் ஏறுவாராம். கீழே யாரை நிறுத்தி வைத்தாலும் நம்பமாட்டார். ஓய்வு பெற்ற பிறகும் அந்தக் குணம் போகவில்லை. கேஸ் அடுப்பின் குமிழை இரண்டு தடவை தொட்டுப் பார்ப்பார். வாசல் தாழ்ப்பாளை மூன்று தடவை. கோழிக்கூண்டுக் கதவுக்கு மேலேயும் கீழேயும் கொண்டி வைத்து, அது போதாதென்று கொண்டிக்கு மேல் கம்பியை முறுக்கி வைப்பார். "பூனைக்கு ஒரு கொண்டி போதும். என் மனசுக்குத்தான் மத்தது," என்பார்.

ஓய்வு பெற்ற வருடம் அவர் ஐந்து பெட்டைக்கோழிகளை வாங்கினார். மின்சார ஆபீசையே கொல்லைக்குக் கொண்டுவந்ததுபோல ஒவ்வொன்றுக்கும் ஒரு பதவி கொடுத்தார். கறுப்பும் பழுப்பும் கலந்த பெரிய கோழி என்ஜினியரம்மா. அது சாப்பிட்டு முடிக்கும்வரை மற்றவை தட்டில் மூக்கை வைக்கக்கூடாது. அடுத்தது ஃபோர்மேன். பிறகு இரட்டைபோல இருக்கும் இரண்டு வெள்ளைக் கோழிகளுக்கு மீட்டர் ரீடர் என்று ஒரே பெயர். கடைசியாகக் கழுத்தில் முடியில்லாத ஒரு சாம்பல் கோழி. அதற்கு ஹெல்பர் என்று பெயர். எல்லாம் அதைக் கொத்தும். அது யாரையும் கொத்தாது. சிந்தியதைப் பொறுக்கித் தின்றுவிட்டுச் சுவரோரமாக நிற்கும்.

குஞ்சுகள் மருமகளுடையவை. ஒன்பது வாரத்துக்கு முன்னால், தீவனக் கடையில் பன்னிரண்டு குஞ்சுகளை அட்டைப்பெட்டியில் போட்டு வாங்கி வந்தாள். யாரையும் கேட்கவில்லை. கணவன் இல்லாத வீட்டில், காலையில் எழுந்ததும் தன் கையை எதிர்பார்க்கிற ஏதாவது ஒன்று வேண்டும்போல இருந்தது. மாமனார் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார். "பன்னெண்டா," என்றார். பிறகு உள்ளே போய் ஒரு குண்டு பல்பும் ஒயரும் எடுத்துவந்தார்.

சமையலறை மூலையில்தான் குஞ்சுகள் வளர்ந்தன. பல்பை எவ்வளவு உயரத்தில் கட்டுவது என்று குஞ்சுகளே சொல்லும். எல்லாம் பல்புக்கு அடியில் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் குவிந்தால் குளிர்கிறது என்று அர்த்தம். பெட்டியின் ஓரத்துக்கு ஓடி வாயைத் திறந்துகொண்டு நின்றால் சூடு அதிகம். லைன்மேன் பல்பை ஒரு விரற்கடை ஏற்றுவார், அரை விரற்கடை இறக்குவார். தண்ணீர்த் தட்டில் குஞ்சு விழுந்து மூழ்காமல் இருக்கக் கூழாங்கற்களைப் போட்டு வைத்தாள் மருமகள். பின்பக்கம் எச்சம் ஒட்டிக் காய்ந்துபோன குஞ்சுகளை ஒவ்வொன்றாக எடுத்து, வெதுவெதுப்பான தண்ணீரில் பஞ்சை நனைத்துத் துடைத்தாள். முதல் வாரத்தில் ஒன்று செத்தது. மற்ற பதினொன்றும் பிழைத்தன. மஞ்சள் பஞ்சு உதிர்ந்து, அங்கொன்றும் இங்கொன்றுமாக இறகு முளைத்து, பார்க்கச் சகிக்காத கோலத்துக்கு வந்தபோது, கொல்லையை நடுவில் கம்பிவலையால் பிரித்து ஒரு பக்கம் விட்டார்கள். வலைக்கதவுக்கும் லைன்மேன் கொண்டி போட்டு, அதற்கு மேல் கம்பியை முறுக்கினார். ஒன்றை ஒன்று பார்க்கலாம், தொட முடியாது. பழகட்டும் என்றார் தீவனக் கடைக்காரர்.

பழகியதா என்பதுதான் மூன்று நாள் வழக்கு.

"ரெண்டு வாரமா மூஞ்சிக்கு மூஞ்சி பாத்துட்டு இருக்குதுங்க. இன்னும் என்ன ஜாதகமா பாக்கணும்," என்றார் லைன்மேன்.

"குஞ்சுங்க இன்னும் பாதி வளர்த்திகூட இல்ல மாமா. ஒரு கொத்துக்குத் தாங்காது."

"கோழி மிதிச்சுக் குஞ்சு சாகுமா? சும்மாவா சொல்லி வெச்சாங்க."

"அது அடைகாத்துப் பொரிச்ச தாய்க்கோழி. அது மிதிச்சா சாகாது. இது ஊரார் கோழி."

அவர் சிரித்துவிட்டார். ரொட்டியைப் பிய்த்து டீயில் நனைத்தார். "என்ஜினியரம்மாதான் முரடு. அதை ரெண்டு நாள் முன்னாடியே பிடிச்சு முன்பக்கக் கூண்டுல போட்டுடுவோம். தலை இல்லேன்னா மத்ததெல்லாம் பெட்டிப்பாம்பு. குஞ்சுங்க இடம் பழகினப்புறம் அதைக் கொண்டுவந்து விட்டா, அதுவே புது ஆள் மாதிரி அடங்கி நிக்கும்."

"எனக்கென்னவோ ஹெல்பர் மேலதான் சந்தேகம்."

"அதா? அது தன் நிழலைப் பாத்தே ஒதுங்கிப் போகும்."

கடைசியில் அவர் சொன்னபடியே ஞாயிற்றுக்கிழமை என்று முடிவானது. ஆனால் அவள் மூன்று நிபந்தனை போட்டாள். பொழுது சாய்ந்து கோழிகள் கம்பில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் குஞ்சுகளைக் கொண்டுபோய்ப் பக்கத்தில் வைக்க வேண்டும். தீவனத் தட்டு ஒன்று போதாது, நாலு வேண்டும், நாலும் நாலு மூலையில். குஞ்சுகள் ஓடி ஒளியப் பலகையைச் சுவரில் சாய்த்து வைக்க வேண்டும். லைன்மேன் தலையாட்டினார். வெள்ளிக்கிழமை காலையில் என்ஜினியரம்மாவைப் பிடித்து முன்பக்கக் கூண்டில் அடைத்தார். அது போட்ட சத்தத்தில் தெருவே எட்டிப் பார்த்தது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவள் வேலையிலிருந்து வந்தபோது அவர் கோழிப் பேச்சை எடுக்கவில்லை. அவளாகவே, "பலகை ரெண்டு போதுமா, மூணா?" என்று கேட்டாள்.

"உன் இஷ்டம்மா."

"நாளைக்குக் குஞ்சுக்குப் பூச்சி மருந்து கலக்கட்டுமா?"

"சரிம்மா."

ஒரு அவித்த முட்டையைப் பாதி தின்றுவிட்டு எழுந்து போனார். மனுஷனுக்கு உடம்பு சரியில்லையோ என்று நினைத்தாள். வீம்புக்காவது எதிர்ப்பேச்சு பேசுகிறவர், எதைக் கேட்டாலும் சரி சரி என்றது அவளுக்கு என்னவோபோல் இருந்தது.

அவள் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்கட்டில் வேலை பார்த்தாள். கண்ணாடி வில்லையைச் சட்டத்தின் அளவுக்குத் தேய்த்துப் பொருத்தும் வேலை. நூலளவு கூடினாலும் வில்லை உட்காராது, குறைந்தாலும் நிற்காது. சனிக்கிழமை அரைநாள்தான். அன்று மட்டும் மூன்று வில்லைகளைப் பாழாக்கினாள். கடை முதலாளி அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "வீட்டுக்குப் போம்மா," என்றார். வேறொன்றும் கேட்கவில்லை.

பஸ்ஸைவிட்டு இறங்கும்போது வானம் தாழ்ந்து கறுத்திருந்தது. காற்றே இல்லை. ரவிக்கை முதுகோடு ஒட்டிக்கொண்டது. தெருமுனை திரும்பியதும் சத்தம் கேட்டது. முட்டையிட்ட கோழி கொக்கரிக்கிற சத்தம் அவளுக்குத் தெரியும், பருந்தைப் பார்த்துக் கத்துகிற சத்தமும் தெரியும். இது இரண்டும் இல்லை. பல சின்னத் தொண்டைகள் ஒரே இழுப்பாகக் கீச்சிட்டன. அவள் ஓடினாள். வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் பக்கச் சந்து வழியாகக் கொல்லைக்குப் போனாள்.

வலைக்கதவு விரியத் திறந்து கிடந்தது.

குஞ்சுகள் பெரிய கோழிகளின் பக்கம் வந்துவிட்டிருந்தன. ஐந்தாறு ஒரு மூலையில் ஒன்றின்மேல் ஒன்று ஏறி, தலையை உள்ளே திணித்து, முதுகை வெளியே காட்டிக்கொண்டிருந்தன. சில துவைக்கிற கல்லின் இடுக்கில் புகுந்திருந்தன. ஒன்று தண்ணீர்த் தொட்டியின் பக்கத்தில் காலை நீட்டிக் கிடந்தது. அதைப் பார்த்ததுமே அது செத்துவிட்டது என்று தெரிந்தது. தொட்டிக்கு அந்தப் பக்கம் இன்னொரு குஞ்சின் முதுகில் ஏறி நின்றுகொண்டு அதன் தலையை நிதானமாகக் கொத்திக்கொண்டிருந்தது ஹெல்பர். அவசரப்படவில்லை. ஒரு கொத்து, நிமிர்ந்து ஒரு பார்வை, இன்னொரு கொத்து. ஃபோர்மேனும் வெள்ளைக் கோழிகளும் சுற்றி நின்று, ரத்தம் கண்ட இடத்தில் தாங்களும் ஒரு கொத்துப் போட்டுவிட்டு நகர்ந்தன.

அவள் கைப்பையை வீசினாள். ஹெல்பர் துள்ளி விலகி, இரண்டடி தள்ளி நின்று, மறுபடி வந்தது. காலால் தள்ளிவிட்டுக் குஞ்சை எடுத்தாள். உச்சியிலிருந்து கழுத்துவரை தோல் உரிந்து தொங்கியது. உள்ளங்கையில் அதன் நெஞ்சு அடிப்பது தெரிந்தது. குஞ்சை முந்தானையில் சுற்றி இடுப்பில் இடுக்கிக்கொண்டு, மூலையில் கிடந்தவற்றை ஒரு கையால் அள்ளி அள்ளி வலைக்கு அந்தப் பக்கம் போட்டாள். துவைக்கிற கல்லுக்கு அடியில் கையை விட்டு மூன்றை இழுத்தாள். எண்ணினாள். ஒன்பது. கையில் ஒன்று, தொட்டியடியில் ஒன்று. கதவைச் சாத்திக் கொண்டியைப் போட்டாள். முறுக்குக் கம்பி நேராக அவிழ்க்கப்பட்டு, வளையமாகச் சுருட்டப்பட்டு, கதவின் மேல்கட்டையில் ஒழுங்காகத் தொங்கிக்கொண்டிருந்தது. பூனை அப்படிச் சுருட்டாது.

"மாமா," என்று கூப்பிட்டாள்.

சமையலறையில் கருகல் நாற்றம் அடித்தது. அடுப்பில் டீக்கு வைத்த தண்ணீர் வற்றிப்போய்ப் பாத்திரம் அடியில் நிறம் மாறிக்கொண்டிருந்தது. லைன்மேன் மேசையருகே நாற்காலியில், கொல்லைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். அவருடைய பழைய பட்டன் போன் எதிரே கிடந்தது. வெளியே அத்தனை கூச்சலும் நடந்தது அவர் காதில் விழவில்லை.

அவள் அடுப்பை அணைத்தாள். "மாமா, பழந்துணி வேணும். வெந்நீர் வேணும். அலமாரியில ஊதா மருந்து இருக்கும் பாருங்க."

அவர் எழுந்தார். அவள் மடியில் இருந்ததைப் பார்த்தார். போய் எடுத்துவந்தார். மருந்து பாட்டிலைத் திறக்க அவருக்கு வரவில்லை. மூடி விரலில் வழுக்கி வழுக்கிப் போனது. அவளே வாங்கித் திறந்தாள்.

காயத்தைக் கழுவி, உரிந்த தோலை நீவி அதனிடத்தில் படிய வைத்து, மேலே ஊதா மருந்தைத் தாராளமாகத் தடவினாள். காயம் ஆறுவதற்கு மட்டுமில்லை அந்த மருந்து. சிவப்பு கண்ணில் படக்கூடாது. பட்டால் கூடப் பிறந்த குஞ்சே கொத்தும். குஞ்சு கண்ணை மூடி மூடித் திறந்தது. அதை ஒரு பெட்டியில் துணி விரித்து வைத்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு வந்து அவர் எதிரே உட்கார்ந்தாள்.

"கதவை யாரு தெறந்தது?"

"நான்தான். தண்ணி மாத்தலாம்னு போனேன். மறந்துட்டேன்."

"மறந்துட்டீங்க."

"வயசாச்சு இல்ல."

அவள் அவரையே பார்த்தாள். முப்பத்தோரு வருடம் ஃபியூஸைப் பையில் வைத்துக்கொண்டு கம்பம் ஏறிய மனிதர். கம்பியை அவிழ்த்து, கோணல் எடுத்து, வளையமாகச் சுருட்டி மாட்டும்வரை அவருக்கு நினைவு இருந்திருக்கிறது. அதற்குப் பிறகுதான் போயிருக்கிறது. அந்த நேரத்தில் எதுவோ குறுக்கே வந்திருக்கிறது. அவள் கண் மேசைமேல் இருந்த போனுக்குப் போனது.

"யாரு போன் பண்ணினாங்க மாமா?"

அவர் போனைக் கவிழ்த்து வைத்தார்.

"கப்பல் கம்பெனியா?"

"உக்காரு," என்றார். அவள் உட்கார்ந்துதான் இருந்தாள்.

"சொல்லுங்க."

"என்ஜின் ரூம்ல தீ பிடிச்சிருக்கு. பத்து நாளைக்கு முன்னாடி. தீயை அணைச்சுட்டாங்க. கப்பல்ல எந்தத் தொடர்பும் வேலை செய்யலையாம். இழுத்துட்டு வந்து ஏதோ ஒரு துறைமுகத்துல சேத்திருக்காங்க. மூணு பேரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்காங்க."

"இவரு அந்த மூணு பேர்ல இருக்காரா?"

"தெரியலம்மா. நேத்து மத்தியானம் கூப்பிட்டப்போ பேரு தெரியலைன்னாங்க. இன்னிக்கு மறுபடி கூப்பிட்டாங்க. ரெண்டு பேரோட பேரு தெரிஞ்சுபோச்சு, அதுல இவன் இல்ல. மூணாவது ஆளு பேசற நிலைமையில இல்லையாம். கப்பல்ல மிச்சம் இருக்கறவங்க பட்டியலும் இன்னும் வந்து சேரலையாம்."

"நேத்து மத்தியானம்," என்றாள்.

"ஆமா."

"நான் நேத்து சாயங்காலம் உங்ககிட்ட பலகை ரெண்டா மூணான்னு கேட்டேன்."

அவர் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே முதல் தூறல் தகரத்தில் விழுகிற ஓசை கேட்டது.

"எதுக்கு மாமா மறைச்சீங்க?"

"மறைக்கணும்னு இல்ல. பாதிச் செய்தி. பாதிச் செய்தியைக் கொண்டுபோய்ச் சொல்ல எனக்கு வாய் வராது." மேசைமேல் கிடந்த பழந்துணியை எடுத்து மடித்தார். "என்கூட ஒருத்தன் வேலை பாத்தான். கம்பத்து மேலேயே கரண்ட்ல அடி வாங்கிட்டான். இறக்கினப்போ மூச்சு இருந்தது. பேசினான்கூட. அவன் வீட்டுக்குச் சொல்ல என்னைத்தான் அனுப்பினாங்க. அந்தப் பொண்ணு வாசல்ல வந்து நிக்குது. நான் என்ன சொன்னேன், லேசான அடிதான், ஆளு நல்லா இருக்கான், பதறாம வாங்கன்னேன். அது வீட்டைப் பூட்டி, பிள்ளைகளைப் பக்கத்துல விட்டு, அவனுக்குன்னு சோறும் கட்டி எடுத்துட்டு ஆஸ்பத்திரிக்கு வந்தது. பத்து நிமிஷம் முன்னாடிதான் போயிருந்தான். என்னைப் பாத்து ஒண்ணே ஒண்ணு கேட்டது. நீங்க சொன்னதை நம்பித்தானே நான் சோறு கட்டினேன்னு."

அவர் உள்ளங்கையால் முகத்தைத் தேய்த்துக்கொண்டார். "அன்னியிலேருந்து முழுசாத் தெரியாம நான் யாருக்கும் எதுவும் சொல்றதில்ல."

அவளுக்குக் கோபம் வந்தது. அழுகைதான் வரும் என்று நினைத்திருந்தாள், வந்தது கோபம்.

"நீங்க போய்ச் சொன்னது தப்பில்ல மாமா. பாதிச் செய்தியைச் சொன்னதும் தப்பில்ல. நல்லா இருக்கான்னீங்க பாருங்க, அதுதான் தப்பு. அடிபட்டிருக்கு, எப்படி இருக்குன்னு எனக்குத் தெரியாது, உடனே ஓடி வாங்கன்னு சொல்லியிருந்தா அவங்க செருப்புகூடப் போடாம வந்திருப்பாங்க. கடைசியா ஒரு வார்த்தை பேசியிருப்பாங்க. என்ன தெரியுமோ அதைச் சொல்லியிருக்கலாம், என்ன தெரியாதோ அதையும் சொல்லியிருக்கலாம். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்."

அவள் கையை நீட்டினாள். போனை அவள் பக்கம் நகர்த்தினார். கடைசியாக வந்திருந்த எண்ணை அழுத்தினாள்.

கம்பெனிக்காரன் மரியாதையாகத்தான் பேசினான். "மேடம், எங்க படிவத்துல அவரோட அப்பா பேருதான் இருக்கு. விவரம் எதுவானாலும் அவர்கிட்டதான் சொல்ல முடியும்."

"நான் அவரோட மனைவி."

"புரியுது மேடம். படிவம் அவரு கல்யாணத்துக்கு முன்னாடி பூர்த்தி பண்ணினது. மாத்தலை."

அவள் போனை மாமனாரிடம் நீட்டினாள். அவர் எழுந்து நின்றார். நின்றுகொண்டுதான் அவருக்கு ஆபீஸ் பேச்சு பேச வரும்.

"அப்பாதான் பேசறேன். இனிமே எது வந்தாலும் என் மருமககிட்டதான் சொல்லணும். நல்லதோ கெட்டதோ, முதல்ல அவ. அவ சொல்லி நான் தெரிஞ்சுக்கறேன். அவ நம்பரை எழுதிக்குங்க." சொல்லிவிட்டு அவள் பக்கம் திரும்பினார். ஒரே வீட்டில் மூன்று வருடமாக இருக்கிறார்கள், அவள் எண் அவருக்கு மனப்பாடம் இல்லை. அவள் ஒவ்வோர் எண்ணாகச் சொல்ல, அவர் ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொன்னார். கடைசியில் முழு எண்ணையும் இன்னொரு தடவை முதலிலிருந்து ஒப்பித்துச் சரிபார்த்தார்.

சாயங்காலத்துக்குள் கூப்பிடுகிறோம் என்றான் கம்பெனிக்காரன்.

காத்திருக்கிற நேரத்துக்குக் காலும் கிடையாது, சக்கரமும் கிடையாது. தூறல் வலுக்கவும் இல்லை, விடவும் இல்லை. அவளால் வீட்டுக்குள் உட்கார முடியவில்லை. போனை இடுப்பில் செருகிக்கொண்டு கொல்லைக்குப் போனாள். கூடையைக் கவிழ்த்து ஹெல்பரைப் பிடித்து உள்ளே அடைத்தாள். அதன் அலகில் காய்ந்த ரத்தம் ஒட்டியிருந்தது. அவளைப் பார்த்து அது பயந்து குறுகியது. எப்போதும்போலத்தான்.

லைன்மேன் முன்பக்கம் போய் என்ஜினியரம்மாவை அக்குளில் இடுக்கிக்கொண்டு வந்தார். "இதைத் திரும்ப விட்டுடலாமா?" என்று கேட்டார். இதுவரை அவர் கேட்டதில்லை, செய்கிறவர்.

"விடுங்க."

என்ஜினியரம்மா தரையில் இறங்கி, இறகை ஒரு தடவை உதறிக்கொண்டது. இரண்டு நாளில் இடம் பிடித்திருந்த ஃபோர்மேன் கழுத்து மயிரைச் சிலிர்த்துக்கொண்டு வந்தது. ஒரு கொத்து விழுந்தது. இன்னொன்று. ஃபோர்மேன் தலையைத் தாழ்த்தி ஒதுங்கியது. வெள்ளைக் கோழிகள் தாங்களாகவே வழிவிட்டன. என்ஜினியரம்மா தட்டுக்குப் போய் நின்று சாப்பிட ஆரம்பித்தது. வலைக்கு அந்தப் பக்கம் ஒடுங்கிக் கிடந்த குஞ்சுகளில் ஒன்று எழுந்து தன் தட்டுக்கு வந்தது. பிறகு இன்னொன்று.

"நான்தான் தப்பா நெனச்சுட்டேன்," என்றார் லைன்மேன். "தலையைத் தூக்கிட்டா எல்லாம் அடங்கிடும்னு."

"கடைசியில நிக்கறதுக்குத்தான் மாமா உள்ளுக்குள்ள கோவம் இருக்கும். இத்தனை நாளும் அதுக்குக் கீழே ஒருத்தரும் இல்ல. இன்னிக்குப் பதினோரு பேரு வந்தாங்க."

அடிபட்ட குஞ்சின் பெட்டியைக் கொண்டுவந்து வலையோரம், மழை படாத தாழ்வாரத்தில், மற்றக் குஞ்சுகளின் கண்ணில் படும்படி வைத்தாள். தனியாக உள்ளே வைத்துவிட்டால் கூட்டம் அதை மறந்துவிடும். ஆறின பிறகு கொண்டுபோய் விட்டால் அந்நியம் என்று கொத்தும். லைன்மேன் மண்வெட்டி எடுத்து, செத்த குஞ்சைப் புதைக்கச் சுவரோரம் குழி தோண்டினார். ஒரு சின்னக் குஞ்சுக்கு அவ்வளவு ஆழம் தேவையில்லை. தோண்டிக்கொண்டே இருந்தார்.

விளக்கேற்றும் நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் அவள் போன் அடித்தது. அவர் நிமிர்ந்து பார்த்துவிட்டு உடனே குனிந்துகொண்டார். அவள் சமையலறைக்குள் போனாள்.

மூன்றாவது ஆள் அவள் கணவன்தான். நினைவு வந்துவிட்டது, பேசுகிறான் என்றான் கம்பெனிக்காரன். அவள் முதலில் கண்ணைப் பற்றிக் கேட்டாள். கண்ணுக்கு ஒன்றுமில்லை. முகத்தில் லேசான தீக்காயம். வலது கைதான் மோசம், இரண்டு விரல்கள் தேறாது என்கிறார்கள். நெஞ்சுக்குள் புகை போயிருக்கிறது. இன்னும் இரண்டு நாள் தாண்ட வேண்டும். எந்த இரண்டு விரல் என்று கேட்டாள். நல்லா இருக்கார் மேடம் என்று அவன் ஆரம்பித்தபோது, "அதை விடுங்க, எந்த ரெண்டு விரல்?" என்று மறுபடி கேட்டாள். அவன் யாரிடமோ விசாரித்துச் சொன்னான். பிறகு ஒரு நிமிடம் பேசலாம் என்று இணைப்பு கொடுத்தான்.

முதலில் மூச்சு மட்டும் கேட்டது. அப்புறம் தொண்டை கரகரத்த ஒரு குரல். "நான்தான்."

"தெரியுது."

"பயந்துட்டியா?"

சொல்ல எவ்வளவோ இருந்தது. "ஒரு குஞ்சு செத்துப்போச்சு," என்றாள்.

அவன் இருமினான். "எப்படி?"

"ஹெல்பர் கொத்திடுச்சு."

"அதுவா?" என்றான். அந்த ஆச்சரியத்தில் அவன் குரல் அவனுடையதாக இருந்தது. மறுபடி இருமினான், நெடுநேரம். "அப்பாகிட்ட நீ சொல்லு. எனக்குச் சொல்ல வராது." அவ்வளவுதான். வேறு யாரோ போனை வாங்கிக்கொண்டார்கள்.

அவள் கொஞ்ச நேரம் சமையலறையில் நின்றாள். குழாயைத் திறந்து முகத்தைக் கழுவிக்கொண்டாள். சன்னல் வழியாக அவர் முதுகு தெரிந்தது. குழியை மூடிவிட்டு மண்ணை மண்வெட்டியின் பின்பக்கத்தால் தட்டிக்கொண்டிருந்தார். மண் எப்போதோ இறுகிவிட்டது. அவர் தட்டுவதை நிறுத்தவில்லை. நிறுத்தினால் திரும்பிப் பார்க்க வேண்டும்.

அவள் வெளியே போனாள்.

"மாமா, உக்காருங்க. முழுசாச் சொல்றேன்."

அவர் மண்வெட்டியைச் சுவரில் சாய்த்துவிட்டுத் துவைக்கிற கல்லின்மேல் உட்கார்ந்தார். அது நனைந்திருந்ததை அவர் கவனிக்கவில்லை. அவள் எதிரே குந்தினாள்.

"மூணாவது ஆளு அவருதான். உயிரோட இருக்காரு. நான் பேசினேன்."

"கண்ணு?" என்றார். மின்சாரத்தோடும் தீப்பொறியோடும் கிடந்தவர். அவர் முதலில் கேட்டதும் அதுதான்.

"கண்ணுக்கு ஒண்ணும் இல்ல. வலது கை வெந்திருக்கு. ரெண்டு விரல் தேறாது."

"எந்த ரெண்டு?"

"சுண்டு விரலும் மோதிர விரலும்."

அவர் தன் வலது கையைத் தூக்கி, அந்த இரண்டு விரலையும் உள்ளே மடக்கினார். மிச்சமிருந்த மூன்று விரலால் இல்லாத எதையோ பிடித்து, மெல்லத் திருப்பிப் பார்த்தார். ஒரு தடவை. இன்னொரு தடவை.

"கட்டை விரல் இருக்கு," என்றார். "கட்டை விரல் இருந்தா ஸ்பேனர் பிடிச்சுக்கலாம்."

"பிடிச்சுக்கலாம் மாமா."

அதற்கப்புறம்தான் அவருக்கு அழுகை வந்தது. கையை இறக்காமலே, அந்த இரண்டு விரலும் மடங்கியபடியே இருக்க, அழுதார். அவள் ஆறுதல் சொல்லவில்லை, எழுந்து போகவும் இல்லை. தூறலில் இருவர் தலையும் நனைந்தது. அவர் மூக்கை உறிஞ்சி, தோள் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொள்ளும்வரை காத்திருந்தாள்.

"இன்னும் இருக்கு மாமா," என்றாள். "நெஞ்சுல புகை போயிருக்கு. சொல்லட்டுமா?"

அவர் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தார்.

"சொல்லு," என்றார்.